உப்பு வண்டிக்காரர் வீட்டு வருமானம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முதலில் சர்க்கரை, அடுத்து முழங்கால், கடைசியில் பேரப்பிள்ளைகளின் படிப்பு என்றுதான் பேச்சு போகிறது. போன வாரம் ஒருவர் சொன்னார், பேத்தியின் கல்லூரி உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் கேட்டார்களாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் விண்ணப்பித்தாராம். சான்றிதழ் கைப்பேசிக்கே வந்துவிட்டதாம். யாரும் வீட்டுப் படி ஏறவில்லை. யாரும் யாருடைய முகத்தையும் பார்த்து எதுவும் கேட்கவில்லை. நல்லதுதான். ஆனாலும் அன்று முழுக்க எனக்கு அக்காவின் நினைவாகவே இருந்தது. ஒரு வீட்டின் வருமானத்தை ஆள் நேரில் வந்து பார்த்து எழுதிய காலம் உங்களில் சிலருக்கேனும் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். அவருக்கு நாங்கள் காட்டியதும் அதனால் வந்ததும்தான் இது.

சுசீந்திரத்திலிருந்து தெற்கே போகும் சாலையில் எங்கள் ஊர். வடக்கே வயல், தெற்கே கொஞ்ச தூரத்தில் உப்பளம். காற்று வடக்கிலிருந்து அடித்தால் நெற்கதிர் மணக்கும். தெற்கிலிருந்து அடித்தால் உதட்டை நக்கினாலே கரிக்கும். நம் கன்னியாகுமரி ஜில்லா திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்வதற்கு ஒன்றிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அரசாங்க அலுவலகத்தைக் கச்சேரி என்போம். கச்சேரியில் மலையாளம், வீட்டில் தமிழ், கல்லூரியில் இங்கிலீஷ். மூன்றும் தெரிந்த ஆள் எங்கள் தெருவில் அக்கா ஒருத்திதான்.

அப்பா உப்பு வண்டி அடித்தார். உப்பளத்தில் மூட்டை ஏற்றிக் கோட்டாற்றுச் சந்தையில் இறக்குவார். அவர் பக்கத்தில் படுத்தால் ஈரச் சாக்கின் வாசனை வரும். அவருடைய வலது தோளில், மூட்டை உட்காரும் இடத்தில், தோல் தடித்து மினுமினுவென்று இருக்கும். வெயில் காலத்தில் அது வெடித்து உப்புப் பட்டு எரியும். அம்மா தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தடவும்போது அப்பா ஒரு சத்தமும் போடமாட்டார். வண்டியின் அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். சக்கர அச்சுக்குப் போடும் கறுப்பு மை அதில் இருக்கும். அந்த மையும் வைக்கோலும் உப்பும் கலந்த ஒரு நெடியை, வண்டி எங்கே போனது என்று தெரியாமல் போன பிறகும், நான் சில கனவுகளில் முகர்ந்திருக்கிறேன்.

அப்பா யாரிடமும் எதையும் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. "எப்பிடி இருக்கீரு?" என்று யார் கேட்டாலும், "ஒரு கொறையும் இல்ல" என்பார். மழைக்காலத்தில் உப்பளம் நின்று வண்டி சும்மா கிடக்கும்போதும் அதே பதில்தான். நாங்கள் மரச்சீனிக் கிழங்கு தின்று அடுத்த வேளையைத் தள்ளும் நாட்களிலும் அதே பதில்தான். அது பொய் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஊரில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் மேட மாதத்தில், அதாவது சித்திரையில், அக்கா பள்ளி இறுதித் தேர்வில் பாஸானாள். வெறும் பாஸ் இல்லை. அவளுக்குக் கணக்கு நடத்திய டீச்சர் டவுனிலிருந்து குடையும் கையுமாக வந்து, செய்தித்தாளில் அக்காவின் நம்பரைத் தொட்டுக் காட்டி, "இந்தப் பிள்ளைய நிறுத்திப்போடப்பிடாது" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எங்கள் தெருவில் அதுவரை பெண் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. ஆண்களிலும் ஒருவரோ இருவரோதான். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே நின்றாள். அக்கா நம்பரைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிக்கிற பிள்ளை கட்டும் பணத்தை அப்போது நாம் சம்பளம் என்றுதானே சொல்வோம்? கல்லூரிச் சம்பளம் எங்கள் வீட்டுக்கு எட்டாத உயரம். ஏழைப் பிள்ளைகளுக்கு அதில் சலுகை உண்டு, வருமானம் இவ்வளவுதான் என்று தாசில்தார் எழுதித் தந்தால் போதும் என்று டீச்சர் விசாரித்து வைத்திருந்தார். அதைச் சொல்ல அவர் இரண்டாவது முறை வந்தபோது அக்கா ஊரில் இல்லை. மண்டைக்காட்டில் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஒத்தாசைக்குப் போயிருந்தாள். அம்மா தம்பியையும் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போயிருந்தாள். அப்பாவும் நானும் மட்டுந்தான் வீட்டில்.

டீச்சர் நின்றுகொண்டே சொன்னார். "தாசில்தார் கச்சேரிலேருந்து அன்வேஷணத்துக்கு உத்தரவு வரும். பார்வத்தியக்காரர் வீட்டுக்கு வந்து உங்க சாம்பத்திக நிலையப் பாப்பாரு. கரம் தீத்த ரசீது இருந்தா எடுத்து வையுங்க. உள்ளத உள்ளபடி சொன்னா போதும்."

பார்வத்தியக்காரர் என்றால் ஊரில் நிலவரி பிரிக்கும் உத்தியோகஸ்தர். நிலவரியைத்தான் கரம் என்போம். அன்வேஷணம் என்றால் விசாரணை, சாம்பத்திக நிலை என்றால் பண வசதி, எல்லாம் கச்சேரி மலையாளம். அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். டீச்சர் போன பிறகு வெகுநேரம் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அம்மா குடத்தோடு வந்ததும், "டீச்சர் எதுக்கு வந்தாவ?" என்று கேட்டாள்.

"மூத்தவளுக்க காலேஜ் காரியம். வீடு பாக்க ஆளு வருதாம்."

அவ்வளவுதான் சொன்னார். நாம் ஏழைகள்தானா என்று பார்க்க வருகிறார்கள் என்ற பகுதியை அவர் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது. அம்மாவுக்கு வீடு பார்க்க வருவதென்றால் ஒரே அர்த்தம்தான். தன்னைப் பெண் பார்க்க வந்தபோது இரண்டு நாள் வீட்டைத் தேய்த்துக் கழுவியவள் அவள். நம் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள நாம் தகுதியான குடும்பந்தானா என்று கல்லூரிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்றே எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வர வெகுகாலம் ஆயிற்று. அம்மா கரியைப் பொடித்துச் சாணத்தில் கலந்து தரையை மெழுகினாள். காய்ந்ததும் தரை கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்தது. மேலத்தெருவில் கொழும்பு வியாபாரி வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டு அம்மாளை நாங்கள் அத்தை என்போம், உறவு ஒன்றும் கிடையாது. அம்மா அங்கே போய் விஷயத்தைச் சொன்னாள். அத்தை தாராள மனசுக்காரி. "நல்ல காரியத்துக்குத்தானே மக்கா, கொண்டு போ" என்று இரண்டு நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம், பித்தளைக் குத்துவிளக்கு, வெண்கல உருளி, தான் ஒருமுறைக்கு மேல் உடுத்தாத ஒரு பட்டுச் சேலை எல்லாம் கொடுத்துவிட்டாள். சாமான்களை நாங்கள் தலையில் சுமந்து வரும்போது தெருவே பார்த்தது. எதற்கு என்று கேட்டவர்களுக்கு அம்மா பெருமையாகவே பதில் சொன்னாள். அவளுக்கு அதில் மறைக்க எதுவும் இல்லை. விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டுப் பாய் வாங்கி விரிப்பது நம் ஊரில் எப்போதும் நடப்பதுதானே?

கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் மட்டும் செய்கிற முந்திரிக்கொத்தை அன்று செய்தாள். சிறுபயறு வறுபடும் வாசனைக்கு நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அடுப்படியை விட்டு நகரவில்லை. "ஏட்டி, வந்த ஆளு தின்ன பொறவுதான்" என்று அம்மா அகப்பையை ஓங்கினாள்.

அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் நின்றிருக்கும். கடிகாரத்தை மாட்ட ஆணி அடித்தவரே அவர்தான். சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா நாற்காலியைத் துடைப்பதைப் பார்த்து அவர் நின்ற நிலை எனக்கு இன்றும் தெரிகிறது. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அதைக் கலைக்க அவருக்கு மனசு வரவில்லை.

பார்வத்தியக்காரர் ஒரு முற்பகலில் வந்தார். மெலிந்த மனிதர், வெள்ளை வேட்டி, கக்கத்தில் துணிக்கட்டு, கல்குளம் பக்கத்துக்காரர். மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்தவர், நாற்காலியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பட்டுச் சேலையில் நின்ற அம்மாவைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா உருளியிலிருந்து முந்திரிக்கொத்தும் பால் ஊற்றிய தேயிலையும் கொண்டுவந்து வைத்தாள்.

"வருமானம் எப்படி?" என்று கேட்டார்.

"ஒரு கொறையும் இல்ல."

"வண்டி சொந்தமா?"

"சொந்தம்."

"மாடோ?"

அப்பா அம்மாவை ஒருமுறை பார்த்தார். வாசலுக்கு வெளியே தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அதுவும் சொந்தம்" என்றார்.

மாடுகள் உப்பு முதலாளியின் பணத்தில் வாங்கியவை. கூலியில் பாதியை முதலாளி அதற்குப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார். எனக்கே அது தெரியும்.

"பிள்ளைகள் படிப்புக்கு வேறு யாராவது உதவுகிறதுண்டோ?"

"எனக்க பிள்ளைகளுக்கு நான் இருக்கேன்லா" என்றார் அப்பா.

பார்வத்தியக்காரர் எழுத ஆரம்பித்த நேரத்தில் அக்கா வந்துவிட்டாள். மண்டைக்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்தவள், முகமெல்லாம் தூசி, இடுப்பில் பெரியம்மா கொடுத்துவிட்ட சக்கைப்பழப் பொதி. வாசலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு படியில் ஏறினாள். நாற்காலி, கடிகாரம், குத்துவிளக்கு, பட்டுச் சேலை, எழுதுகிற கை என்று அவள் கண் ஒவ்வொன்றாகப் போனது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கச்சேரி நடைமுறைகளை டீச்சர் பள்ளியில் வைத்தே அவளிடம் சொல்லியிருந்தார்.

அவள் வாயைத் திறந்தாள். அம்மா அப்போது அவளைப் பார்த்துச் சிரித்தாள். எப்படி இருக்கு பார், உனக்காகத்தான் எல்லாம் என்பதுபோல ஒரு சிரிப்பு. அக்கா வாயை மூடிக்கொண்டாள். வந்தவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய், செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து நின்றபடியே குடித்தாள். அவளுக்குக் கோபம் என்று நான் நினைத்தேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்த மௌனம் அது ஒன்றுதான்.

வைகாசிப் பாதியில் வரும் இடவப்பாதி மழை தொடங்கியதும் பதில் வந்தது. வசதியுள்ள குடும்பம், சலுகைக்குத் தகுதி இல்லை. டீச்சர் நனைந்துகொண்டு வந்து சொன்னார். அப்போதுதான் அம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து, தான் மெழுகிய அந்தத் தரையையே உள்ளங்கையால் அடித்தாள்.

"நானே எனக்க பிள்ளைக்க படிப்பக் கெடுத்துப் போட்டனே. நானேல்லா கெடுத்தேன்."

அப்பா வெளியே மழையில் நின்றார். உள்ளே வரவில்லை.

அக்கா அம்மாவின் எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒண்ணும் கெடுக்கல்ல. வீட்டுக்கு வந்த மனுசனுக்கு நாம ஒரு நாற்காலி போட்டோம். அதுல என்ன தெற்று?"  பதினாறு பதினேழு வயதுதான் அவளுக்கு. தன் படிப்பு போய்விட்டது என்று கேட்ட அதே நிமிஷத்தில் அந்தப் பிள்ளைக்கு அப்படிப் பேச எங்கிருந்து வந்தது? இத்தனை வயதாகியும் அந்த ஒரு வாக்கியத்துக்கு இணையாக என்னால் எதையும் சொல்ல முடிந்ததில்லை.

தாசில்தாரிடம் மறு விண்ணப்பம் கொடுக்கலாம் என்றார் டீச்சர். அதை அக்காவே எழுத வேண்டும் என்றும் சொன்னார். "சாமானெல்லாம் இரவல், அம்மா தெரியாம வாங்கி வச்சிட்டா அப்படின்னு தெளிவா எழுது. அப்பத்தான் ஜெயிக்கும்."

அக்கா பேனாவைத் திறந்தாள். "உள்ளதத்தான் எழுதுகேன் டீச்சர். ஆனா அதுல எனக்க அம்மைய எழுத மாட்டேன்."

"பிறகு அவங்க எப்பிடி நம்புவாங்க?"

"அப்பாக்க வேலைய எழுதுகேன். அத விசாரிச்சுப் பாக்கட்டும். வீட்டுல என்ன இருந்துதுன்னு எழுதினா, அம்மை ஏமாத்தினான்னு ஆகும். கச்சேரில ஆம்பிளையளு அத வாசிச்சுச் சிரிப்பாவ."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அவர் மிகவும் நல்லவர். ஆனால் உள்ளபடி சொல்வது எவ்வளவு கடினமான காரியம் என்று அன்றுதான் அவருக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

மழை இரண்டு நாள் விட்ட இடைவெளியில், ஓலை போட்டு மூடியிருந்த பழைய உப்பை முதலாளி சந்தைக்கு அனுப்பினார். அப்பா வண்டி கட்டினார். அக்கா விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு, மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள். முந்தின இரவு அவள், "நீங்களும் கச்சேரிக்கு வாங்கோப்பா" என்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தாள். அப்பா, "நாலு பேரு முன்ன நின்னு நான் தரித்திரன்னு சொல்லணுமாக்கும்?" என்றார். அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை.

போகிற வழியெல்லாம் வயலில் முதல் போகமான கன்னிப்பூ நாற்று பச்சை விரித்திருந்தது. சுசீந்திரம் கோபுரம் ஈரத்தில் கறுத்துத் தெரிந்தது.  கோட்டாற்றில் கச்சேரிக்குத் திரும்பும் முக்கில் அப்பா வண்டியை நிறுத்தினார். "முடிச்சிட்டுச் சந்தைக்கு வாங்க. நான் மூட்டை இறக்கிட்டு நிக்கேன்" என்று, எங்கள் முகத்தைப் பார்க்காமல், மாட்டைத் தட்டினார்.

தாலுகா கச்சேரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுக்கூரை, உயரமான மேசை, துணியில் கட்டிய காகிதக் கட்டுகள், முத்திரை மெழுகின் வாசனை. கதவுக்கு வெளியே ஏராளமான ஆண்கள். பெண் என்றால் நாங்கள் இருவரும்தான். எங்கள் ஊர்ப் பார்வத்தியக்காரரும் ஏதோ கணக்கு ஒப்படைக்க அங்கே வந்திருந்தார். அக்காவைக் கண்டதும் எழுந்து நின்றார். ஒரு உத்தியோகஸ்தர் வண்டிக்காரரின் மகளுக்கு எழுந்து நின்றது எனக்கு விநோதமாக இருந்தது.

தாசில்தார் நாகர்கோவில்காரர், தடித்த கண்ணாடி. அக்கா நீட்டிய விண்ணப்பத்தை முழுவதும் வாசித்தார். இங்கிலீஷில் இருந்தது. "ஆரு எழுதினது?"

"நான்தான் சார்."

"நல்லா எழுதியிருக்க. ஆனா பிள்ள, உனக்க தகப்பன் வாயால சொன்னது இங்க இருக்கு. அத நீ மாத்த முடியாது. அவருதான் வந்து சொல்லணும். அவரு எங்க?"

"சந்தையில மூட்டை இறக்குதாங்க சார்."

"கூட்டிட்டு வா. இல்லேன்னா இத நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அக்கா அங்கேயே நின்றாள். கூட்டிட்டு வருகிறேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. வரமாட்டார் என்று சொல்லவும் அவளுக்கு இஷ்டமில்லை.  முதன்முறையாக அவள் கண் நிறைவதைப் பார்த்தேன். "அடுத்த ஆளு" என்று சேவகர் குரல் கொடுத்தார்.

அப்போது வாசலில் ஒரு சலசலப்பு. அப்பா வந்துகொண்டிருந்தார். மேலே சட்டை இல்லை, துண்டு இடுப்பில் கட்டியிருந்தது. தோள், மார்பு, தாடி எல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு. பாதி மூட்டையை இறக்கியும் இறக்காமலும் போட்டுவிட்டு வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. உள்ளே வர விடமாட்டேன் என்று சேவகர் கையை நீட்டினார். தாசில்தார், "விடும்" என்றார்.

"நீருதான் தகப்பனா?"

"ஆமா சார்."

"உமக்கு வருமானம் எவ்வளவு?"

எப்போதும் சொல்லும் பதிலை எதிர்பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உப்பு ஓடுகிற மாசத்துல கையில முப்பது நாப்பது ரூவா நிக்கும் சார்" என்றார் அப்பா. சத்தமாகவே சொன்னார். கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். "மழைக்கு ஒண்ணுங் கெடையாது. மாடு மொதலாளிக்க பணம். வண்டி மட்டும் எனக்குள்ளது. கரம் கெட்டுகது வீட்டு மனைக்கு மட்டும், வேற ஒரு துண்டு நெலம் இல்ல. மழையில மாடு தின்னும் சார். நாங்க தின்னாட்டியும் மாடு தின்னும். அதுக்க பொறவுதான் பிள்ளைகளுக்கு."



"இத அண்ணைக்கே ஏன் சொல்லல்ல?" தாசில்தார் கோபமாகத்தான் கேட்டார். "அரசாங்க உத்தியோகஸ்தரிட்ட ஒண்ணு சொல்லி, இஞ்ச வந்து வேற சொன்னா என்ன அர்த்தம்?"

அப்பா தோளில் இருந்த உப்பைத் துடைக்கப் போனவர், கையைக் கீழே விட்டார். "அது எனக்க வீடு சார். வீட்டுக்கு வந்த ஆளுட்ட இல்லன்னு சொல்லி எங்களுக்குப் பழக்கமில்ல. இது கச்சேரி. இஞ்ச உள்ளதச் சொல்லணும்."

தாசில்தார் விண்ணப்பத்தை மறுபடி கையில் எடுத்தார். பிறகு பார்வத்தியக்காரரைப் பார்த்தார். அவர் தன் கட்டைப் பிரித்து, ஊர்க் கரக் கணக்கில் எங்கள் வீட்டு மனையைத் தவிர வேறெதுவும் அப்பா பேரில் இல்லை என்று காட்டினார். "உப்பளத்திலயும் சோதிச்சு எழுதித் தரேன் சார், நாளைக்கே" என்றார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அவர் அக்காவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "மோளே, கொழும்பு வியாபாரி வீட்டில் கரம் பிரிக்கப் போகும்போதெல்லாம் நான் அந்த நாற்காலியில்தான் இருக்கும். எனக்கு அன்றைக்கே மனசிலாயி. ஆனா ஒரு மனுஷன் சொந்த வாயால் சொன்னதை வெட்டி, நீ தரித்திரன் என்று நானாக எழுதுவதெப்படி? எனக்குக் கை வரல." அவர் செய்தது சரியா தப்பா என்று நான் பல வருஷம் மனதுக்குள் வாதாடியிருக்கிறேன். ஒரு சொல் எழுதியிருந்தால் எங்கள் வீட்டில் அவ்வளவு அழுகை இருந்திருக்காது. அவரும் அப்பாவுக்கு மரியாதை செய்ததாகத்தான் நினைத்திருக்கிறார். மரியாதையாலும் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவே. ஆனால் அடுத்த நாளே அவர் மழையில் உப்பளம் வரை நடந்து போய் முதலாளியிடம் விசாரித்து எழுதினார். அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. காலிச் சாக்குகளைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா முன்னால் நகர்ந்து அப்பாவின் அருகே போய் உட்கார்ந்தாள். அவள் நன்றி எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குள் அப்படிச் சொல்லும் வழக்கம் அப்போது ஏது? சாக்கின் ஒரு முனையை அவர் தோளுக்கும் இழுத்துப் போட்டாள்.

"காலேஜில என்ன படிப்ப?" என்று கேட்டார் அப்பா. அதுவரை அவர் அதைக் கேட்டதே இல்லை.

"கணக்கு."

"கணக்குன்னா, கூட்டுகது கழிக்கதா?"

"இல்லப்பா. வேற மாதிரி." ஊர் வரும்வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவருக்கு என்ன புரிந்ததோ, மாட்டை ஒரு தடவைகூட அதட்டாமல் கேட்டுக்கொண்டு வந்தார்.

சான்றிதழ் கிடைத்தது. முழுச் சலுகை இல்லை, பாதிதான். மீதிப் பாதிக்கு அம்மா தன் கம்மலை விற்றாள். யாரும் தடுக்க இடம் கொடுக்காமல், யாருக்கும் சொல்லாமல் விற்றாள். அக்கா நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கி, பிறகு டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகி, என்னையும் தம்பியையும் படிக்க வைத்தாள். அவள் போய்ச் சில வருஷமாகிறது. அவளிடம் படித்தவர்கள் உங்களில்கூட இருக்கலாம்.

ஆனால் நான் முடிக்க நினைத்தது அங்கே இல்லை. கல்லூரியில் சேர்ந்த நாளில்.

அன்று குடும்பத்தோடு போனோம். கல்லூரி அலுவலகத்தில் நீண்ட வரிசை. டவுன் வக்கீல்கள், டாக்டர்கள், பெரிய தோட்டக்காரர்கள் எல்லாம் கோட்டும் அங்கவஸ்திரமுமாகப் பிள்ளைகளோடு நின்றார்கள். அப்பா துவைத்த சட்டை போட்டிருந்தார். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் இளைஞர், முகத்தில் கனிவு உள்ளவர். அக்காவின் பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

"தகப்பனாருக்குத் தொழில்?"

அக்கா பதில் சொல்வதற்கு முன்பே அவர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பின்னால் நிற்பவர்களையும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "வியாபாரம்னு எழுதிக்கிடட்டுமா? உப்பு வியாபாரம்?" என்று கேட்டார். உதவி செய்கிற எண்ணத்தில்தான் கேட்டார்.

அக்கா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். அவர் வியாபாரம் என்று சொல்லியிருந்தால் எங்களில் ஒருவரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டோம்.

அப்பா ஒரு அடி முன்னே வந்து மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

"வண்டிக்காரன்னே எழுதுங்கோ சார்" என்றார். "பிள்ள படிச்சு வரும்ப, எங்கேருந்து வந்தாள்னு அதுல இருக்கட்டும்."